சக்கரம் மாட்டாத கார்

மூன்று நாளுக்கு முன் உன் சம்சாரம் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். மூடியைத் திறந்ததும் குங்கிலிய எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. தோணிக்காரர்கள் பலகை இடுக்கை அடைக்கக் காய்ச்சுகிற அதே குங்கிலியம்தான். நீ அதை வாங்கி வந்து தேயிலைப் பெட்டிப் பலகையில் தேய்த்துத் தேய்த்து, இதுதான் கார் பாடி என்று சொல்லிக்கொண்டிருப்பாய். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். எரிச்சல்தான் வந்தது. செத்துப்போனவன்மேல் எரிச்சல்படக் கூடாது என்பார்கள். உன்மேல் படாமல் வேறு யார்மேல் படுவது?

உங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போனார்கள். நீ ஒருத்தன் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தாய். உப்பள முதலாளியின் கறுப்புக் காரைப் பதினோரு வருஷம் ஓட்டினாய். யுத்தத்துக்கு வண்டி தேவை, பத்து நாளில் ஒப்படைக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு வந்த அன்று, நீ என்னைத் தேடி வந்தாய். நான் பஞ்சுப் பேட்டையில் பொதிகளுக்கு மார்க்கா எழுதிக்கொண்டிருந்தேன்.

“ஏலே, வண்டி போறதுக்குள்ள அத அளந்து வச்சுக்கிடணும். அச்சு அசலா பொடுசா ஒண்ணு செய்யப் போறேன். ஒரு அடிக்கு ஒரு அங்குலம். ஒனக்குக் கையெழுத்து நல்லா வரும்லா, வா.”

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. “அது நாலு சக்கரத்துல நிக்கிறத நான் தெனமும் பாக்கணும்டே” என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகச் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். பாதியில் முதலாளி கூப்பிட்டார். “சக்கரத்த மட்டும் நீ அளந்துரு” என்று சொல்லிவிட்டுப் போனாய். கார் முந்தின நாள் உப்பளத்துக்குப் போய் வந்திருந்தது. சக்கரமெல்லாம் சேறு. நானோ ஒரு கல்யாணத்துக்குப் போகப் புது வேட்டி கட்டியிருந்தேன். டயரின் பக்கவாட்டில் பத்தொன்பது என்று நம்பர் போட்டிருந்தது. சக்கரத்தின் உயரம்தானே, வேறு என்னவாக இருக்கும் என்று அதையே எழுதிவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினேன். குனியவே இல்லை.

கார் போய்விட்டது. நீ பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ் ஓட்டப் போனாய். ஞாயிறானால் உன் வீட்டுப் பின்கட்டில் வேலை. போட்டோ ஸ்டூடியோவில் வாங்கிய பழைய பிலிமை வெந்நீரில் ஊறப்போட்டு வழித்து முன் கண்ணாடி செய்தாய். யாரோ ஒரு மாப்பிள்ளையின் மீசை மட்டும் எப்படித் தேய்த்தும் போகவில்லை. “இருந்துட்டுப் போறாரு, டிரைவருக்குப் பேச்சுத் துணைக்கு” என்று அவரை இடது பக்கம் வைத்தாய். முத்துச்சிப்பி ஓட்டை அரத்தால் ராவி விளக்குக்குள் ஒட்டினாய். உன் சம்சாரத்தின் கொண்டை ஊசியில் இரண்டு, கதவுப்பிடியாகிப்போனது. நம்பர் பலகை எழுதுவதும், பாடியைச் சுற்றி மஞ்சள் கோடு இழுப்பதும் என் பங்கு. கோடு இழுக்க உனக்குக் கை ஓடாது.

சக்கரத்தையும் நானே ஏற்றுக்கொண்டேன். பேட்டையில் கடைசல்காரரிடம் நான்கு சக்கரம் கடைந்து வாங்கி, சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றி, கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ அவற்றைக் காருக்குக் கீழே வைத்துப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய்.

“அளந்தியாலே?”

“அளந்தேன்.”

“குனிஞ்சு அளந்தியா?”

“அளந்தேன்னு சொல்லுதேன்லா! எத்தன தடவ சொல்லணும்?”

“சரி” என்றாய். சக்கரங்களை மறுபடி கைக்குட்டையில் முடிந்து என்னிடமே கொடுத்துவிட்டுக் காரை இரண்டு தீப்பெட்டிமேல் தூக்கி வைத்தாய்.

அதன்பிறகு இரண்டு வருஷம், தீப்பெட்டிமேலேயே. சக்கரத்தை மாட்டிவிடலாமே என்று நான் கேட்காத வாரமில்லை. பொறு, கதவுப்பிடி கோணலாக இருக்கிறது என்பாய். பொறு, மட்கார்டு தடித்துவிட்டது என்பாய். அந்தக் கதவுப்பிடியை நாலு தடவை பிடுங்கிப் பிடுங்கி ஒட்டினாய். “யாரு பாக்கப் போறா?” என்று ஒரு நாள் கத்தினேன். “நான் பாப்பேன்” என்றாய். உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேட்டையில் எல்லாரிடமும் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில், டயர் மாற்றிக்கொண்டிருந்த கிளீனரிடம் பேச்சுவாக்கில் நம்பரைப் பற்றிக் கேட்டேன். “அது உள்ள இருக்க இரும்பு ரிம்மோட நம்பர்லா, அண்ணாச்சி. டயர் ஒசரத்தத் தனியா அளக்கணும்” என்றார். அப்படியானால் நான் கடைந்து கொடுத்தது அளவில் சின்னச் சக்கரம். பதினோரு வருஷம் அந்த டயரைக் கழற்றி மாட்டியவன் நீ. முதல் பார்வையிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து உன் வீடு கூப்பிடு தூரம். நான் போகவில்லை. அடுத்த ஞாயிறு தலைவலி என்று ஆள்விட்டேன். அதற்கடுத்த ஞாயிறு அதுவும் சொல்லவில்லை.

உனக்கு விஷக்காய்ச்சல் என்று கேள்விப்பட்டு இரண்டு தடவை வந்தேன். மழையைப் பற்றியும் அரிசி கிடைக்காததைப் பற்றியும் பேசினேன். இரண்டாம் தடவை எழுந்தபோது என் கையைப் பிடித்தாய்.

“ஏதாவது சொல்லணுமாலே?”

“ஒண்ணுமில்ல. நீ படு.”

இப்போது பெட்டியிலிருந்து காரை எடுத்தால், அடியில் துணிக்குள் நான்கு சக்கரங்கள். புதியவை. அளந்து பார்த்தேன், இந்தத் தடவை குனிந்து. இரண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, இருக்க வேண்டிய உயரம். ஆரக்கம்பிகூட ஒவ்வொன்றாகக் கோத்திருக்கிறாய். ரிம்மைச் சுற்றி மஞ்சள் கோடு மட்டும் இல்லை. என் பங்கை எனக்கு வைத்திருக்கிறாய். அடப்பாவி, எல்லாம் செய்து வைத்துக்கொண்டா தீப்பெட்டியில் நிறுத்தினாய்? “நீ அளக்கலலே” என்று சொல்லி என் செவிட்டில் ஒன்று விட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்குமே. ஆசைப்பட்டது நீ. ஒரு நாள்கூட அது சக்கரத்தில் நின்று நீ பார்க்கவில்லை.

கோடு இழுத்தேன். காயவிட்டு மாட்டினேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. அதே வண்டிதான்.

இன்று காலை அதை உன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். உன் சம்சாரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேட்டி உட்பட. அவள் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்ணே. சக்கரம் வந்த அன்னைக்கே அவுக எங்கிட்ட சொன்னாவ. அவன் அளக்கல, கேட்டா கூனிக் குறுகிப்போவான், அவனே சொல்லுவான்னு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் காலைல, இன்னைக்குச் சொல்லுவாம் பாருன்னு சொல்லிக்கிட்டுத்தான் எந்திரிப்பாவ.”

உன்மேல் இருந்த எரிச்சல் தீர்ந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தீரவில்லை. இப்போது அது முழுக்க என்மேல் இருக்கிறது. திட்டி இறக்கிவிட நீ இல்லை.