அசையாத மூன்று படகுகள்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். விவேக் நகரிலிருந்து தொம்மலூர் அலுவலகத்துக்கு ஆட்டோவில் ஒரு மணி நேரம். நடந்திருந்தால் முன்னாலேயே போயிருப்பேன்.

வேலை: கடல் வரைபடத்தின் கடைசிப் பதிப்பு. வெள்ளிக்கிழமை, இதில் எங்களோடு சேர்ந்திருக்கும் ஆறு நாட்டு அமைப்புகளும் இணையத்தில் கூடி ஒப்புதல் தரும். தந்துவிட்டால், மன்னார் வளைகுடாவில் நான் பச்சை அடித்த இடங்களில் இனி யாரும் வலை போடக் கூடாது என்று அரசுக்குப் பரிந்துரை போகும். பெங்களூரில் உட்கார்ந்து கடலுக்கு வேலி போடுகிறாள் என்று பீட்டர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். கணவர்தானே, சிரிக்கட்டும்.

டிசம்பரில் போர்ச்சுகலில் மாநாடு. வரைபடத்தை விளக்கப் போவது நான். பாஸ்போர்ட் எடுத்து ஏழு வருடம், ஒரு முத்திரைகூட இல்லை. ரொம்பச் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வாங்க: பால், கொத்தமல்லி, பீட்டருக்கு இருமல் மருந்து. பட்டுப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. டெய்லர் கடை பூட்டு. ஷட்டரில் தாள் ஒட்டியிருந்தது: ஊர்த் திருவிழா, பத்து நாள் விடுமுறை. அவர் தூத்துக்குடிப் பக்கம். பூக்கடை அக்கா சொன்னது: "கொடி ஏத்திட்டாங்கன்னா அவரைப் புடிக்கவே முடியாது மேடம். அந்த ஊர்ல ஒருத்தரும் வேலைக்கே போகமாட்டாங்களாம்."

எரிச்சலோடு அலுவலகம். மாடிப்படி ஏறும்போது உறைத்தது. வேலைக்கே போகமாட்டார்கள் என்றால் கடலுக்கும் போகமாட்டார்கள்.

எங்கள் வரைபடம் ஜனவரியில் இரண்டு வாரத் தகவலை வைத்துப் போட்டது. படகுகளில் சின்னக் கருவி கட்டி, எங்கெங்கே போகின்றன என்று குறித்தோம். புயல் இல்லாத, தடைக்காலம் இல்லாத நாட்களாகப் பொறுக்கியவள் நான். க. ஊரில் (பெயர் எழுதவில்லை, அலுவலகப் பழக்கம்) மூன்று படகுகளில் கருவி. மூன்றும் அந்த இரண்டு வாரமும் கரையிலேயே கிடந்தன. அசையாத கருவி கெட்ட கருவி என்று ஒரு விதி வைத்திருந்தேன். அந்த விதிப்படி மூன்றையும் நீக்கினேன். பிறகு அந்த ஊருக்கு எதிரே கடலில் ஒரு புள்ளிகூட இல்லை. யாரும் மீன் பிடிக்காத இடம் என்று பச்சை அடித்துவிட்டேன்.

கொண்டுபோன சித்ரான்னம் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

நவம்பர் 12, புதன்

க. ஊர் மீனவர் சங்கச் செயலாளர் அந்தோணி அண்ணனின் எண் கோப்பில் இருந்தது. திருவிழா எப்போது என்று மட்டும் கேட்டேன். செபஸ்தியார் திருவிழா, ஜனவரி. கொடி ஏறி இறங்கும் பத்து நாளும் ஒரு படகும் கடலுக்குப் போகாதாம். முன்னால் படகுக்கு வர்ணம் பூச, பின்னால் அசதி தீர என்று இன்னும் நாலு நாள். சரியாக எங்கள் இரண்டு வாரம். எதுக்கும்மா கேக்குதீங்க என்றார். சும்மா என்றேன். கோழை.

ஹேமந்திடம் சொன்னேன். என் மேலதிகாரி, மைசூர்க்காரர், குரல் உயர்த்தியே பார்த்ததில்லை. முழுக்கக் கேட்டார். வெள்ளி கழியட்டும், அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்றார். ஆறு நாட்டுக்காரர்களை ஒரே நேரத்தில் உட்கார வைக்கவே பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பவளப்பாறைகளும் அழிந்துகொண்டே வருகின்றன, தள்ளிப்போட நாள் இல்லை. கடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் ஒருமுறை போட்ட கோட்டை யார் அழிப்பார்கள்? அந்த ஊர்க்காரர்கள் அதுவரை எங்கே போவார்கள்?

பீட்டர்: "சொன்னா போர்ச்சுகல் போச்சு. சொல்லலன்னா உன் மூஞ்சிய தினமும் நான் பாக்கணும். நீயே முடிவு பண்ணு."

நவம்பர் 13, வியாழன்

எங்கள் தெருச் சர்ச்சில் வியாழன்தோறும் நடக்கும் நவநாள் பூசைக்குக் கூட்டம். தெருவுக்குள் ஆட்டோ வரவில்லை. பூசைக்குப் போனேன், மனம் ஒட்டவில்லை.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் கருவிகளைப் படகுகளிலேயே விட்டிருந்தோம்; அந்த மூன்றும் பிப்ரவரியில் என்ன செய்தன என்று தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் கெடவில்லை. விடியலில் கிளம்பி நேரே என் பச்சைக்குள் போய், மதியத்துக்குள் கரை திரும்பியிருக்கின்றன. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

கரண்ட் பில் கட்ட மறந்தாயிற்று.

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். நாலு மணிக்குக் கூட்டம். திரையில் ஆறு சதுரங்கள், ஒன்றில் யாரோ ஒருவரின் பூனை. வரைபடம் அழகாக வந்திருக்கிறது, தகவல் சுத்தமாக இருக்கிறது என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். அந்த 'சுத்தம்' என்ற சொல்லுக்கு மேல் தாங்கவில்லை. மைக்கைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன்: திருவிழா, விதி, பிப்ரவரி.

தலைமை தாங்கிய போர்ச்சுகல் அம்மா, அந்த மூன்று படகுகளை நீக்கியது யார் என்று மெதுவாகக் கேட்டார். நான் என்றேன்.

ஒப்புதல் நிறுத்தி வைப்பு. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஆறு மணிக்கு மின்னஞ்சல்: மாநாட்டில் நம் நேரத்தில் கென்யாக்காரர் பேசுவார். கழிவறையில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது ஹேமந்த் என் மேசையில் காபி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நவம்பர் 15, சனி

நல்ல வெயில். துணி துவைத்தேன். பதினொரு மணிக்கு அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டு, எதற்காகத் திருவிழாவைக் கேட்டேன் என்று முதலிலிருந்து சொன்னேன். எந்த இடம் என்றார். ஊருக்கு நேர் கிழக்கே, தீவுக்கு இந்தப் பக்கம் என்றேன்.

"அதுலதாம்மா நாங்க பூராப் பேரும் பொழைக்கோம்."

நிறுத்தியாயிற்று, இப்போதைக்குக் கோடு இல்லை என்றேன். அவருக்கு அது கேட்டதா தெரியவில்லை. கருவி கட்ட ஆள் வந்தார்கள், கோடு போடப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லையே என்றார். கோபமாகக்கூட இல்லை.

"ஆறு நாட்டுக்காரங்க பாத்தாச்சு. நாங்கதான் இன்னும் பாக்கல, என்னம்மா?"

அண்ணே, மன்னிச்சிருங்க என்றேன். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார். எங்கே எந்த மீன், எந்தப் பாறையை விட்டுவிடலாம், எதை விட முடியாது என்று கடலிலேயே காட்டுகிறாராம்.

"கொடி ஏறுததுக்கு முன்ன வாங்க. ஏறிட்டுன்னா உங்களக் கூட்டிட்டுப் போவ ஒரு படகும் கிடையாது."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஹேமந்திடம் இன்னும் கேட்கவில்லை.