உங்கள் மகனைத் தாண்டாத உயரம்

அத்தைக்கு,

இன்று காலை தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டார்கள். சோற்றுக் கஞ்சியின் வாசனை சன்னல் வழியாக வந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. பாசத்தில் வந்த ஞாபகம் இல்லை.

தொண்ணூற்று இரண்டில் எனக்குப் பதின்மூன்று வயது. பெரியவளாகி நாலு மாதம். உங்கள் மகனுக்கு என்று என்னைச் சிறுவயதிலேயே பேசி வைத்திருந்தீர்கள். அவரோ குள்ளம். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் இருவரையும் முதுகோடு முதுகு நிறுத்தி, இரண்டு தலைக்கும் மேல் ஒரு தாம்பாளத்தை வைத்துப் பார்ப்பீர்கள். ஒருநாள் அது அவர் பக்கம் சாய்ந்தது.

"இன்னாடி, பனமரமாட்டம் வளந்துகினே போற? ராத்திரி சோத்த நிறுத்து. பொண்ணு ஒசந்தா ஜோடி பேஜாராப் பூடும்."

உங்கள் தம்பியான என் அப்பா தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

நிறுத்தினேன். நீங்கள் கேட்டது ஒரு வேளையைத்தான். மற்ற வேளைகளை நானே நிறுத்தினேன். சோற்றைக் கண்டாலே பயம் வந்தது. எலும்பு துருத்திக்கொண்டிருந்தபோதும் கண்ணாடியில் பூசணிக்காயாகத் தெரிந்தேன். அம்மா அழுது கெஞ்சினாலும் ஒரு வாய் இறங்காது. மாதவிலக்கு நின்றுபோனது. உயரமும் நின்றது; உங்கள் மகன் மெல்ல என்னைத் தாண்டினார். "பாத்தியா, எம்மருமவ எம்பேச்சத் தட்டமாட்டா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தீர்கள்.

பதினேழு வயதில் அம்மா என்னை வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். "வளர்ற வயசுல பட்டினி கெடந்தா எலும்பும் வளராதும்மா. ஆரம்பத்துலயே சாப்பிட வச்சிருந்தா விட்டதப் புடிச்சிருக்கலாம். இனிமே போன உயரம் முழுசா வராது" என்றார்.

அதைக் கேள்விப்பட்டு நீங்கள் சொன்னது என்ன? "எலும்பும் தோலுமா கீது. வெலக்கும் நின்னுபோச்சாம். இது எங்க புள்ள பெக்கப்போவுது?" சொல்லிவிட்டுச் செய்யாறில் பெண் எடுத்தீர்கள். மணவறையில் அவள் உங்கள் மகனைவிட நாலு விரல் உயரமாக நின்றாள். அதை உங்களால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

மறுபடி சாப்பிடப் பழக எனக்கு ஐந்து வருடமானது. நாலடி எட்டங்குலத்தோடு நின்றுவிட்டேன். இன்றும் பஸ்ஸில் மேல்கம்பி எட்டாது. யார் தோளையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நீங்கள் போன அன்று சொந்தபந்தமெல்லாம் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டது. என் முறை வந்தபோது, "பழச மறந்துட்டுப் போடும்மா" என்றார் அப்பா. உங்கள் வாயருகே வரை கையைக் கொண்டுபோனேன். பிறகு எல்லோரும் பார்க்க, அந்த அரிசியை என் வாயில் போட்டு மென்றேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

மன்னித்துவிடச் சொல்கிறார்கள். மாட்டேன். முதல் வாய் எடுக்கும்போதெல்லாம் உங்கள் குரல் இன்றும் காதில் விழுகிறது, அத்தை. அதை முழுசாகக் கேட்டுவிட்டு, இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறேன்.