முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்றவன்

நாயுடுபுரம், கொடைக்கானல்
14-9-1963

அன்பு மிகுந்த பிச்சை முகம்மது அண்ணனுக்கு,

தம்பி பொன்னுவேல் வணக்கத்தோடு எழுதுவது. பினாங்கில் நீங்களும் ரஹ்மத் பீவி அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

சென்னையில் ஒரு படக் கம்பெனியின் கதை இலாகாவில் சேர்ந்ததைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? புதுப்படத்துக்குக் கதை பேச முதலாளி எங்களை இங்கே ஒரு பங்களாவில் கொண்டுவந்து போட்டு ஒன்பது நாளாகிறது. வெளியே ஓயாத மழை. உள்ளே ஓயாத பேச்சு, காப்பி, சிகரெட்.

கதை இதுதான். அணுகுண்டுச் சண்டையில் கீழ்நாடு முழுக்கச் சாம்பலாகிவிடுகிறது. மலைமேல் ஓர் ஊர் மட்டும் தப்பிக்கிறது. பிழைத்தவர்கள் சோற்றுக்கும் தண்ணீருக்கும் மலையேறி வருகிறார்கள். பாதையில் மரங்களை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டுக் காவல் நிற்கிறவன்தான் கதாநாயகன். சீனாக்காரன் சண்டையின் பயம் ஜனங்களுக்கு இன்னும் போகவில்லை, இதுதான் சமயம் என்று முதலாளி குதிக்கிறார். உருட்டிவிட எத்தனை பாறை வேண்டும் என்பது ஸ்டண்ட் மாஸ்டரின் கவலை. உலகமே அழிந்த பிறகு கதாநாயகிக்கு எத்தனை பட்டுப்புடவை என்று ஒரு பகல் முழுக்க விவாதம் நடந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் இந்தக் கதையை முதலில் சொன்னவன் நான், அண்ணே. எங்கிருந்து எடுத்தேன் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பதினோரு வருஷம் ஆகிறது. நீங்கள் கடை வைத்திருந்த பக்கத்து ஊரில் அம்மை கண்டது. எங்கள் ஊரார் வழக்கப்படி பாதையில் முள் வெட்டிப் போட்டு, வேப்பிலை கட்டி, என்னைக் காவலுக்கு நிறுத்தினார்கள். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஊரைத் தாண்டித்தான் வழி. கொட்டுகிற மழையில் உங்கள் மகள் ஃபக்ருன்னிசாவைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். பின்னால் அக்கா. “ஏலே பொன்னு, இது வெறும் மலைக்காச்சல்தாம்லே. பெரியவங்ககிட்ட வெரசா ஒரு வார்த்தை கேட்டுட்டு வா, புள்ள நனையுது” என்றீர்கள். கம்பளியை விலக்கியும் காட்டினீர்கள். முகத்தில் ஒரு முத்துக்கூட இல்லை.

கேட்டு வருகிறேன் என்று போனேன். திரும்பி வந்து, ஊர் சம்மதிக்கவில்லை என்றேன். நீங்கள் பழனிப் பாதையில் இறங்கினீர்கள். பாதி வழியிலேயே பிள்ளை போய்விட்டது.

அண்ணே, நான் யாரிடமும் கேட்கவில்லை. வளைவைத் தாண்டி ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கேட்டால் பெரியவர்கள் விடச் சொல்லிவிடுவார்களோ, அம்மை எனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு காட்டில் ஒளிந்தவன் நான். உயிர் மேல் அவ்வளவு ஆசை. எங்களுக்காக ஊரிடம் பேசிப் பார்த்தவன் நீ ஒருவன்தான் என்று நீங்கள் எழுதும்போதெல்லாம், இல்லை என்று எழுதாமல் இருந்துவிட்டேன். வெட்கம் கெட்டவன்.

இங்கே அதைவிடக் கேவலம் செய்தேன். கதையில் கீழேயிருந்து வருகிற ஒருவன் தோளில் குழந்தை. பார்க்கிறவர்கள் இரக்கப்பட்டுவிட்டால் கதாநாயகன் கெட்டவனாகிவிடுவானே என்று முதலாளி யோசித்தார். உடனே நான், கம்பளிக்குள் இருப்பது குழந்தை இல்லை, துப்பாக்கி என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

நாளைக் காலையில் முடிவைச் சொல்லியாக வேண்டும். கம்பளிக்குள் குழந்தைதான், குற்றம் காவல்காரன் மேல்தான் என்று சொல்லப்போகிறேன். இப்படிப் படம் எடுத்தால் ஓடாது என்று வேலையை விட்டு அனுப்புவார்கள். அனுப்பட்டும். அதனால் என் பாவம் தீர்ந்துவிடாது. உங்களிடம் சொல்லாமல் அவர்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன்.

அக்காவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். அக்கா தொழுது முடித்துத் துஆ கேட்கும்போது பிள்ளையின் பேரோடு என் பேரையும் சேர்த்துச் சொல்வதாகப் பெருநாளுக்கு எழுதியிருந்தீர்கள். இனிமேல் பிள்ளையின் பேரை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் நூறு வயது சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொன்னுவேல்