காய்ச்சல் என்று எழுதியவன்

இன்று காலை டைம் ஆபீஸில் நான் உட்காரும் ஜன்னலில் வருகைக் கையெழுத்துப் போடக் குனிந்த ஒருவரிடமிருந்து ஏலக்காய் வாசனை குப்பென்று வந்தது. சிமெண்டு ஆலை வாசலில் காலை ஆறு மணிக்கு ஏலக்காய் மெல்பவர் எதை மறைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? உன்னோடு பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான்.

நீ குடிகாரனாக இங்கே வரவில்லை. ஆண்டிமடத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, ஒரு டீயோடு வேலைக்கு உட்கார்ந்துவிடுகிற ஆள். கண்ட்ரோல் ரூமில் மூன்று பேர் பார்த்த வேலையை இரண்டு பேர் தலையில் கட்டினார்கள். சூளை ஒரு தடவை நின்றால் போதும், போனில் வண்டி வண்டியாகத் திட்டு. அதற்குப் பிறகுதான் எல்லாம். "படுத்தாலும் காதுல அலாரம் அடிக்குது மாப்ள. ரெண்டு ரவுண்டு போட்டாத்தான் நிக்குது" என்றாய்.

நிதானம் தவறிய நாட்களில் ஆலைக்கு வராமல், அரியலூரில் என் வீட்டு முன்னறையில் படுத்துத் தூங்குவாய். உன் லீவு படிவத்தில் நானே 'காய்ச்சல்' என்று எழுதி, நானே உள்ளே கொண்டுபோய் வைப்பேன். நண்பனைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு மிதப்பு எனக்கு. ஆலைக்கும் அது வசதிதான். வேலைப்பளுவால் தூக்கமில்லை என்று எழுதினால்தான் மூன்றாவது ஆளைப் போட வேண்டிவரும்; காய்ச்சலுக்கு வேண்டியதில்லையே.

ஒரு நாள் படிவத்தை எடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இன்னிக்கி உள்ளத உள்ளபடி எழுதேன் மாப்ள. தூக்கமில்ல, குடிக்கிறான், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு எழுது." போதையில் உளறுகிறாய் என்று சிரித்தேன். வேலை போய்விடும், பிள்ளைகளை நினைத்துப் பார் என்று பெரிய மனுஷன் மாதிரி புத்தி சொன்னேன். காய்ச்சல் என்றே எழுதினேன். அப்புறம் நீ கேட்கவே இல்லை.

கல்லீரல் கெட்டு நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உனக்குச் சேர வேண்டிய பணத்துக்கான காகிதங்களில் கையெழுத்துப் போட உன் மனைவி ஆபீசுக்கு வந்தபோது, உன் ஃபைல் மேஜைமேல் விரிந்து கிடந்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இத்தன நாள் காய்ச்சல்னு போட்டிருக்கு. அன்னிக்கெல்லாம் டூட்டிக்குன்னுதான வூட்டுலேருந்து கெளம்புனாரு. இது உங்க எழுத்தா?"

ஆமாம்மா என்றேன். அவர் ஃபைலை மூடிவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டால் கூட்டத்துக்குள் ஒதுங்கிவிடுகிறேன். இப்படி ஒதுங்கி ஒதுங்கியே சலித்துவிட்டதடா. நீ பிழைக்க வேண்டும் என்றுதான் ஒரு நாள் கேட்டாய், நான்தான் எழுதவில்லை என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.