இலை போடுவதற்கு முன்னால்

அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே எனக்குள் நின்றுகொண்டிருக்கும் என் அம்மாவுக்கு,

செத்துப்போனவளிடமிருந்து கடிதம் வருகிறதே என்று நீ பயப்படமாட்டாய் என்று நினைக்கிறேன். நம் தெருக்காரர்கள் சொல்கிறபடி பார்த்தால் முதலில் செத்தவள் நான்தான். என்னைத் தலைமுழுகிவிட்டு, ஈரப் புடவையோடு வாசலில் நின்று நீ அழுததை எல்லோரும் பார்த்தார்கள். நீ போனது அதற்குப் பல வருடம் கழித்து. அந்த வகையில் நான் உனக்கு மூத்தவள், அதனால் நானே பேச்சைத் தொடங்குகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. பாலாற்றில் இந்த வருடம் தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. ஆற்றங்கரையில் இன்னொரு தோல்ஷாப் எழும்பியிருக்கிறது. அண்ணனுடைய ஆவாரம்பட்டை மண்டியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. தோல் பதனிடுகிற சாயபுமார்கள் எல்லாரும் அவனிடம்தான் பட்டை வாங்குகிறார்களாம், அப்பா காலத்தைவிட வியாபாரம் ஜாஸ்தி என்கிறார்கள். தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியின் நாற்றமும் ஜாஸ்திதான். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அந்த நினைவு வந்துவிடுகிறது.

நான் ஊர்க்கோடி மிஷன் ஆஸ்பத்திரியில்தான் இன்னும் இருக்கிறேன். பிரசவம் பார்க்கிறேன். ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் குடிசைகளிலும், பெண்கள் வெளியே வராத கோஷா வீடுகளிலும் என்னை நர்சம்மா என்று கூப்பிடுகிறார்கள். நம் தெருவில் மட்டும் எனக்குப் பேர் இல்லை. செத்தவளைப் பேர் சொல்லி யார் கூப்பிடுவார்கள்?

எனக்குத் தாலி ஏறியதே சரியாக நினைவில்லை. ஏறிய வருடமே அறுந்துபோனது மட்டும் நினைவிருக்கிறது. அதன்பிறகு பின்கட்டுதான் என் உலகம். வளையல்கார ஜான்பீ அம்மா கூடையோடு வந்து உட்கார்ந்து அண்ணிக்கு வளையல் அடுக்கும்போது, நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மிஷனிலிருந்து ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா வந்து எனக்கு எழுத்துச் சொல்லித்தர, அப்பாவோடு மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கியவள் நீ. சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு நாலு எழுத்துப் படிக்கட்டும் என்றாயாம். ஆக, எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது நீதான் அம்மா. இதை அண்ணனிடம் சொல்லிவிடாதே.

பிறகு ஊர் என்னென்னவோ சொல்லிற்று. வெள்ளைக்காரி மயக்கிவிட்டாள் என்றார்கள். மறுகல்யாண ஆசை என்றார்கள். சோற்றுக்குப் போனாள் என்றுகூடச் சொன்னார்கள், நம் வீட்டில் என்னவோ உலை வைக்காத மாதிரி. நடந்தது அதையெல்லாம்விட எளிமையானது. நல்ல காரியம் எதிலும் முன்னால் வரக்கூடாது என்று வைத்திருந்த ஒருத்தியை, முன்னால் வா என்று ஒருவர் கூப்பிட்டார். நான் போனேன். அந்த ஆண்டவரைவிட்டு விலக வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உன்னை ஒருமுறை பார்த்துவிட்டு வரமாட்டோமா என்று மட்டும் தினமும் தோன்றியது.

நான் ஞானஸ்நானம் வாங்கிய அதே தை மாதத்து நாளில்தான் நீங்கள் என்னைத் தலைமுழுகினீர்கள். நான் தெருவில் போனால் பின்னாலேயே சாணித் தண்ணீர் தெளித்தார்கள். ஆற்றோரக் குடிசைகளுக்குப் போக நம் தெருதான் நேர்வழி. சுற்றிக்கொண்டு போயேன் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். திருடிவிட்டா ஓடினேன், சுற்றிப் போக? அந்த வழியாகவே போனேன், அந்த வழியாகவே வந்தேன். நம் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக நடப்பேன். ஜன்னலுக்குப் பின்னால் நீ நின்றாயா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

ஒரு கதை சொல்கிறேன், சிரிப்பாய். ஒரு வியாபாரி வீட்டுப் பிரசவத்துக்குப் போயிருந்தேன். கை வைப்பதற்கு முன் நான் வாய்விட்டு ஜெபம் செய்வது வழக்கம். மாமியார்க்காரி குறுக்கே வந்து, உன் சாமி பேரை என் வீட்டுக்குள் சொல்லக்கூடாது என்றாள். சரி, வாசலில் நின்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் வெளியே நடந்தேன். உள்ளே மருமகள் வீறிட்டாள். மாமியார் என் பின்னாலேயே ஓடிவந்து, "இங்கியே சொல்லித் தொலைம்மா, சீக்கிரம்" என்றாள். பெண் குழந்தை பிறந்தது. வாசல்வரை வந்து என்னை வழியனுப்பிவிட்டு, நான் போனதும் சாணியும் தெளித்தாள்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்றுதான் இருந்தது. அது உன் படையல்.

வருடாவருடம் தையில், என்னைத் தலைமுழுகிய அந்த நாளில், நீ எனக்குப் படையல் போட்டாய். அண்ணன் வேண்டாம் என்றானாம். செத்தவளுக்குப் படைக்காமல் விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று நீ ஒரே பிடியாக நின்றாயாம். செத்துவிட்டாள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன் அதற்குமேல் என்ன பேச முடியும்? அன்று எனக்குப் பிடித்த கடலைப்பருப்புப் போளி தட்டுவாய். மத்தியானம் ஜான்பீ அம்மா வளையல் கூடையோடு ஆஸ்பத்திரிக் கொல்லைப்பக்கம் வருவாள். துணியை விலக்கினால் வளையல்களுக்கு நடுவே நம் வீட்டுப் பித்தளைத் தூக்கு. உள்ளே போளி. ஓரம் கருகின போளி. சின்ன வயதிலிருந்து எனக்கு அப்படித்தான் வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை அம்மா. படைத்ததைத் தொடமாட்டேன் என்று சபைக்கு முன் நின்று சொன்னவள் நான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உயிரோடு நடமாடும் மகளுக்கு ஆவி என்று இலை போட்டுவிட்டு, அதில் மிச்சத்தையும் அவளுக்கே அனுப்ப உனக்கு எப்படி மனம் வந்தது? மூடியைத் திறப்பேன், நெய் வாசனையை முகர்வேன், மூடிவிடுவேன். உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று ஜான்பீ அம்மாவிடமே திருப்பிக் கொடுப்பேன். அவள் அங்கேயே உட்கார்ந்து ஒன்றைப் பிட்டுத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவள் மென்று முடிக்கும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருடம் உனக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது என்று மண்டி குமாஸ்தா வந்து சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே ஓடிவந்தேன். அண்ணன் வாசலில் விபூதித் தட்டோடு நின்றான். தெருப் பெரியவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். திரும்பி வந்துவிட்டேன் என்று அவர்கள் முன்னால் ஒரு வார்த்தை, நெற்றியில் ஒரு கீற்று. அவ்வளவுதான் கேட்டான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது அம்மா. அவனை நான் குறை சொல்லவில்லை.

"ஒரு விரல் விபூதி, வள்ளி. உள்ள போயி அம்மாவப் பாத்துட்டு வந்து அழிச்சிக்கோ. யாரு கேக்கப்போறாங்க?"

"பொய் பூசிக்கினு அம்மா மூஞ்சிய எப்டிண்ணா பாப்பேன்?"

அவன் தட்டைத் தாழ்த்தவில்லை. நான் படியேறவில்லை. எதிரே மண்டி வாசலில் பட்டைக் குவியல் பக்கத்தில் பொழுது சாயும்வரை நின்றேன். அம்மா, அம்மா என்று தெருவே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். உன் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால் என்ன நினைத்தாய்? ஒரு கீற்று விபூதிகூடப் பூசாத அளவுக்கு, பெற்றவளைவிடவா மகளுக்கு அவள் ஆண்டவர் பெரிது என்று நினைத்தாயா? மறுநாள் விடிகாலையில் நீ போய்விட்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது ஆற்றங்கரையில் தள்ளி நின்று பார்த்தேன். மாலைக்கு நடுவே உன் நெற்றி மட்டும் தெரிந்தது.

செய்தது சரி என்று எனக்குத் தெரியும். திரும்ப நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் சரியாகச் செய்தவளுக்கு அழுகை வரக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லையே. பிரசவ அறையில் எந்தப் பெண் அம்மா என்று கத்தினாலும் நான் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இந்தத் தையில் அந்த நாள் வந்தது. அண்ணன் எனக்குப் படையல் போடவில்லை. உன்னோடு அந்த வழக்கமும் போயிற்று. செத்தவள் என்ற மரியாதைகூட இப்போது எனக்கு இல்லை. மத்தியானம் ஜான்பீ அம்மா பழக்கத்தில் வந்துவிட்டாள், வெறும் வளையல் கூடையோடு. உட்கார்ந்தாள். இந்த வருடம் போளி இல்லாமல் பேரப்பிள்ளைகள் பேஜார் பண்ணுகிறார்கள் என்று சும்மா சொல்லிவைத்தாள்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. படையல் போளிதானே, போனால் போகட்டும், நீங்களும் எப்படித்தான் அதைச் சாப்பிட்டீர்களோ என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"படைச்சதா? இன்னாம்மா சொல்ற? படைச்சத நாங்க வாய்ல வெப்பமா? உங்கம்மா எலை போடறதுக்கு முன்னாடியே எடுத்து எங்கையில குடுத்துடும். ‘இது படைச்சது இல்ல ஜான்பீ, முன்னாடியே எடுத்து வெச்சது, சாப்பிடலாம்’னு வருசா வருசம் சொல்லும். நான் முசல்மான் பொம்பள, தொட யோசிப்பேன்னு எனக்காவத்தான் சொல்லுதுன்னு நெனச்சிக்கினேன்."

அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன் அம்மா.

தாத்தா திவசத்தன்று நான் தெரியாமல் ஒரு போளியை எடுத்துக் கடித்துவிட்டேன் என்று, பிசைந்த மாவு, பூரணம் எல்லாவற்றையும் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, தலைக்குக் குளித்து, முதலிலிருந்து செய்தவள் நீ. படையல் முடியாமல் உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டாய். அந்த நீ, இலை போடுவதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல், என் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாய். என் விசுவாசத்துக்குப் பழுது வரக்கூடாது என்று உன் ஆசாரத்தைப் பழுதாக்கிக்கொண்டிருக்கிறாய். அதுவும் கருகின போளி. கருகினதை யாராவது படையலுக்கு வைப்பார்களா? பத்து வீட்டு அடுக்களை பார்த்தவளுக்கு அது அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?

அந்த வீட்டில் எனக்காக அடுப்பு மூட்ட உனக்கு வேறு வழி இருந்திருக்காது. செத்தவளுக்கு என்று சொன்னால்தான் உயிரோடு இருப்பவளுக்குச் சமைக்க முடியும். அதற்குத்தான் அண்ணனிடம் அவ்வளவு பிடிவாதமா, கள்ளி?

ஜான்பீ அம்மா இன்னொன்றும் சொன்னாள். தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, சாப்பிட்டாளா என்று நீ கேட்பாயாம். ஒன்று பாக்கியில்லாமல் சாப்பிட்டது என்று அவளும் சொல்வாளாம். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அவள் போன பிறகு அழுதேன்.

இப்போது வாசற்படியில் நின்ற அந்த நாளை வேறு மாதிரி நினைக்கிறேன். நான் விபூதி பூசிக்கொண்டு உள்ளே வந்திருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாயா? உன் மகள் எதைத் தொடமாட்டாள் என்று என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பேச்சு இருந்திருந்தால் உள்ளேயிருந்து அண்ணனை அதட்டியிருப்பாயோ என்னவோ.

மறுமையில் எங்கள் அம்மாவைப் பார்ப்பேனா என்று எங்கள் போதகர் ஐயாவிடம் ஒருமுறை கேட்டேன். நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். ஆண்டவருடைய இரக்கம் பெரியது என்றார். நான் அதற்குமேல் துருவவில்லை. ஆனால் இப்போது எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்திருக்கிறது. ஜெபத்தில் உட்காரும்போதெல்லாம் அவரையே கேட்கிறேன். ஆண்டவரே, உமக்குப் பிரியமானதைச் செய்கிற மகளுக்கென்று தனியாக எடுத்து வைத்தாளே என் அம்மா, அவளுக்கென்று நீர் ஒன்றும் எடுத்து வைக்காமலா இருப்பீர்? பதில் வரும்வரை கேட்பேன். நம் வீட்டுப் பெண்களின் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

அடுத்த தையில் அதே நாளில் நானே போளி தட்டுவேன். உனக்கு இலை போடமாட்டேன் அம்மா, அது என்னால் ஆகாது, நீயும் அதை எதிர்பார்க்கமாட்டாய். ஜான்பீ அம்மாவையும் அவள் பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைப்பேன். வாய்விட்டு ஜெபம் செய்துவிட்டு, ஓரம் கருகினதாகப் பார்த்து எடுத்துச் சாப்பிடுவேன். என் பங்கில் ஒன்று பாக்கியில்லாமல் சாப்பிடுவேன். அவள் உன்னிடம் சொன்ன அந்தப் பொய்யை உண்மையாக்கிவிடுகிறேன்.

நீ தலைமுழுகிய பிறகும் உன் வயிற்றுப் பிள்ளையாகவே இருக்கிற மகள்,
எஸ்தர்
உனக்கு என்றும் வள்ளி