நிற்கிற யானை

டிச. 1, திங்கள்

பனி. எதிர்வீடு தெரியவில்லை. ஹைவே லாரிகளின் ஹாரன் மட்டும்.

பை கட்டும் வேலை. ஸ்வெட்டர், பருப்புப் பொடி, பூண்டு ஊறுகாய், பி.பி. மாத்திரை, ஸ்டீல் பாட்டில், மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட கார்டு. சார்ஜரை மறந்திருந்தேன். இதை எழுதும்போதுதான் ஞாபகம். எடுத்து வைத்தாயிற்று.

பெரிய நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. பக்கத்துத் தெரு. உட்காரவில்லை. பையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"ஊரே ஆனைக்கு பயந்துகினு ராகிக்கு காவல் கெடக்குது. நீ இன்னாத்துக்கு ஆனைய தேடிகினு ஆப்பிரிக்கா போற? சானமாவு காட்டுல இல்லாத ஆனையா?"

"இருக்குது அண்ணி. அதெல்லாம் ஓடுற ஆனை. எனக்கு நிக்கிற ஆனைய பாக்கணும்."

கையைத் தட்டிச் சிரித்தார். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

நான் கேட்டது அப்படி என்ன பெரிய விஷயம்? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வருஷா வருஷம் யானை வருகிறது. நான் பார்த்ததெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பின்பக்கம், இருட்டில் ஒரு முதுகு. பகலில் என்றால் வனத்துறை வாட்சர்களும் ஊரும் கத்திக்கொண்டு துரத்த, தூசிக்குள் ஒரு கூட்டம். டப்பா அடிப்பது என் வேலை. வெடி போடுவது அவர் வேலை. விரட்டத்தான் கற்றுக்கொண்டோம். நின்று பார்த்ததில்லை.

டிச. 2, செவ்வாய்

பிரேமா போன் செய்தாள். அவளும் நானும் ஓசூர் ஃபேக்டரியில் ஒரே அசெம்பிளி லைன், ஒரே மாதம் ரிட்டயர். திருநெல்வேலிக்காரி. "ஏட்டி, ராத்திரி தூக்கம் வருதா ஒனக்கு? எனக்கு வரல கேட்டியா" என்கிறாள். மற்றவர்கள் ரிட்டயர் ஆனதும் காசி போனார்கள், வளையல் வாங்கினார்கள். நாங்கள் கென்யா. யாருக்கும் பொறுக்கவில்லை.

ராகி முற்றிவிட்டது. அறுக்க இன்னும் பத்து நாளாவது ஆகும். அதுதான் அவருக்குக் கோபம். காலையிலிருந்து முகம் பார்த்துப் பேசவில்லை. சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு, மாட்டிடம் சொல்வதுபோல:

"போறதுன்னா போ. டப்பா அடிக்க ஆளில்லன்னு மட்டும் ஞாபகம் வச்சிக்க."

"நீங்களே ரெண்டையும் செய்ங்க. கை ரெண்டு இருக்குதில்ல."

சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து அவருக்குப் பத்து நாளைக்குக் களி கிண்ட மாவை அளந்து டப்பாக்களில் போட்டேன். அது வேறு விஷயம். வயல் போனால் பழி என் தலையில்தான் விழும் என்று தெரியும். தெரிந்துதான் போகிறேன்.

டிச. 4, வியாழன். நைரோபி

வந்தாயிற்று. குளிர் நம் ஓசூர் குளிர்தான். ஸ்வெட்டர் சரி.

விமானத்தில் பிரேமா என் கையைப் பிடித்தவள் மும்பையிலும் விடவில்லை, கடல் தாண்டியும் விடவில்லை. டூர் மேனேஜர் பெங்களூர்ப் பையன், நல்ல மாதிரி. எல்லாரையும் ஆன்ட்டி, அங்கிள் என்கிறான். குழுவில் பெங்களூர்க்காரர்களே அதிகம். ஒருவரிடம் முழங்கை நீளத்துக்கு கேமரா. குழந்தையைப்போல மடியில் வைத்திருக்கிறார்.

வீட்டில் அவருக்கு வாய்ஸ் மெசேஜ்: வந்து சேர்ந்தேன். பதில்: கட்டைவிரல் படம் ஒன்று.

டிச. 6, சனி

ஏரி இருக்கிற காடு. பார்த்தவை: காண்டாமிருகம் (தூரம்), வரிக்குதிரை (போதும் போதும் என்கிற அளவு), ஒட்டகச்சிவிங்கி, குரங்கு (பிரேமாவின் வாழைப்பழம் போயிற்று). யானை இல்லை. இந்தக் காட்டில் யானையே கிடையாதாம். இவ்வளவு தூரம் வந்து யானை இல்லாத காடு!

அவர் கேட்டு அனுப்பியிருந்தார்: "எத்தினி ஆனை பாத்த?" இல்லை என்று சொன்னேன். பதில் மெசேஜில் சிரிப்பது கேட்டது. நாலு நாள் கழித்து முதல் சிரிப்பு. "இங்க கெலவரப்பள்ளி டேம்ல எறங்கிச்சின்னு பேசிக்கிறாங்க. இந்தப் பக்கம் இன்னும் வரல."

காலை லாட்ஜில் ஒரு கூழ். ஊற்றிக்கொண்டு வாயில் வைத்தால், ராகி! சர்க்கரை போட்டிருக்கிறார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். பெயர் கேட்டேன். ராகிக்கு விம்பி என்கிறார்கள். இரண்டு கோப்பை குடித்தேன். பெங்களூர்க்காரர்கள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

டிச. 8, திங்கள்

எழுதக் கை கூசுகிறது. எழுதியே தீர வேண்டும்.

நேற்று இரண்டாவது காட்டுக்கு வந்தோம். இன்று சாயங்காலம் ஜீப் ஒரு புதரைச் சுற்றித் திரும்பியது. எதிரே யானை. பெரியது. காது விரித்து, பாதையைக் கடக்கிற மாதிரி. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் என்ன செய்தேன்? என் கை செய்தது. ஸ்டீல் பாட்டிலை எடுத்து ஜீப் கம்பியில் டங்கு டங்கு டங்கு. வாய் தானாக "ஹோய்! ஹோய்!" ராகி வயலில் நிற்பதாகவே நினைத்துவிட்டது உடம்பு.

யானை பிளிறித் திரும்பியது. பின்னால் நின்ற கூட்டமும் திரும்பியது. எல்லாம் ஓட்டம். தூசி. பின்பக்கங்கள்.

ஓடுகிற யானை. கென்யாவிலும்.

டிரைவர் ஜோசப் ஜீப்பைப் பின்னால் எடுத்தார். கழுத்தில் வேர்வை. கேமராக்காரர் கன்னடத்தில் கத்தினார். எனக்கும் கன்னடம் தெரியும், வேண்டுமென்றுதான் சும்மா இருந்தேன். தப்பு என்னுடையது. பிரேமா மட்டும் என் தொடையில் கை வைத்து, "விடுட்டி, ஆனைதான ஓடிச்சு, ஒலகமா ஓடிச்சு" என்றாள்.

லாட்ஜுக்கு வந்ததும் மேனேஜர் தனியே கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்குக் காலையில கடைசி ரவுண்டு. நீங்க ரூம்ல ரெஸ்ட் எடுங்க. மத்தவங்க கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க."

"தப்புதான் தம்பி. கைப்பழக்கம். எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்குறேன். ஆனா ரெஸ்ட் எடுக்கிறதுக்கு நான் சூளகிரியிலருந்து வரல."

மன்னிப்பு கேட்டேன். ஒவ்வொரு மேஜையாகப் போய். கேமராக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். ஆனால் அறையில் உட்கார மாட்டேன். ஊரில் வாங்கிய பேச்செல்லாம் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்க்கவா?

டிச. 9, செவ்வாய்

முதல் ஆளாகப் போய் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஜோசப் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார்.

போனை எடுத்துப் போன வருஷப் படத்தைக் காட்டினேன். யானை மிதித்துப் போட்ட எங்கள் ராகி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "விம்பி?" என்றார். ஆமாம் என்றேன். யானை என்று கையால் தும்பிக்கை செய்து காட்டினேன். எனக்குத் தெரிந்த ஃபேக்டரி இங்கிலீஷில் மீதியைச் சொன்னேன்: ராத்திரி, வயல், நான், டப்பா.

அவர் துணியைக் கீழே வைத்தார். அவர் அம்மாவும் மலைப்பக்கத்து ஊரில் விம்பியும் சோளமும் போடுகிறாராம். அங்கேயும் யானை. அம்மா தகரத்தைத் தட்டுவாராம். எப்படித் தட்டுவார் என்று ஜீப் கதவில் தட்டிக் காட்டினார். எப்படிக் கத்துவார் என்று கத்தியும் காட்டினார். நம் ஊர்க் கத்தல்தான். இரண்டு பேரும் சிரித்தோம். மேனேஜர் ஓடி வந்தான். ஜோசப் சொன்னார், இந்த அம்மா என் பக்கத்தில் வருவார் என்று. பிறகு கையை நீட்டினார். பாட்டிலைக் கொடுத்தேன். வழி முழுக்கத் தன் முழங்கால் இடுக்கில் வைத்துக்கொண்டு ஓட்டினார். நியாயம்தான்.

பார்த்தேன்.

சதுப்பு ஓரம். ஒரு கூட்டம். குட்டிகளோடு. ஜோசப் எஞ்சினை அணைத்தார். அவை எங்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தும்பிக்கையால் புல்லைச் சுருட்டிப் பிடுங்கும். முன்னங்காலில் தட்டும். வேர் மண் உதிரும். பிறகு வாய்க்குள். அவசரமே இல்லை. ஒன்று ஒரு காலை மடக்கி மற்றக் காலில் சாய்த்து நின்றது, பஸ் ஸ்டாண்டில் நாம் நிற்கிற மாதிரி. அந்தப் பிடுங்கும் சத்தம் எனக்குத் தெரியும். இருட்டில் அதைக் கேட்டாலே டப்பாவைத் தேடுவேன். அது இதுதானா? மண்ணைத் தட்டிவிட்டுச் சாப்பிடுகிற சத்தம்தானா?

அழுதேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதேன்.

பின் சீட்டில் ஒரு பெண், "சோ க்யூட்" என்றாள். சட்டென்று கோபம் வந்துவிட்டது. எங்கள் ராகியைத் தின்னும்போது ஒருத்தரும் க்யூட் என்று சொல்லவில்லை. ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை. கோபமும் இருந்தது, பார்க்கவும் வேண்டியிருந்தது. இரண்டும் என்னுடையதுதான்.

ஜீப்பிலிருந்தே அவருக்கு நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ். தட்டுவது, மண் உதிர்வது, காலை மடக்குவது எல்லாம். "நாம இத்தினி வருஷம் ஒண்ணியும் பாக்கலங்க" என்று முடித்தேன். பதில் இல்லை. கேட்டுவிட்டார் என்பதற்கு நீலக் குறி மட்டும்.

டிச. 10, புதன்

நாத்தனார் போன். அவரல்ல, நாத்தனார்.

"சந்தோசமா? நேத்து பொழுதோட வந்து பாதி ராகி போச்சி. டப்பா அடிக்க வேண்டியவ எங்க? ஆனை கூட போட்டோ புடிச்சிகினு கீறா!"

அவருக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேன். இல்லையாம். அது போதும். மற்றதை வந்து பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். பிரேமாவிடம்கூடச் சொல்லவில்லை.

பாதி ராகி. மழைக்குக் காத்திருந்து விதைத்தது. களை எடுக்க ஷிப்ட் முடிந்து வந்து குனிந்தது நான். வலிக்காதா? வலிக்கிறது. அதற்காக வந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன்.

டிச. 12, வெள்ளி

வீடு. சாரல்.

பையை வைத்ததும் வயலுக்குப் போனேன். கிழக்குப் பாதி தரையோடு தரை. மேற்குப் பாதி நிற்கிறது. நாத்தனார் ஏற்கெனவே அங்கே. நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு.

"இவ ஆனைய பாக்கப் போனா. ஆனை இவ ராகிய பாக்க வந்துச்சி."

சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், நன்றாகத்தான் சொன்னார். ஆனால் விடவில்லை.

"போன வருசம் நான் இங்கதான இருந்தேன் அண்ணி? தொண்ட கிழிய கத்தனேனே, அப்ப மட்டும் வுட்டுட்டு போச்சா? வருசா வருசம் திங்கிற ஆனைக்கு இந்த வருசம் மட்டும் நான் எப்படி பொறுப்பு?"

அவர் வரப்பில் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு வார்த்தை இல்லை. அதுதான் நெஞ்சில் குத்தியது. நாத்தனார் பேச்சு பழகிவிட்டது.

டிச. 13, சனி

வெயில் வந்துவிட்டது. மிச்ச ராகியை அறுக்க ஆள் சொல்லியாயிற்று.

அரிவாள் எடுக்க மாட்டுக்கொட்டகை அலமாரியைத் திறந்தேன். தீபாவளிக்கு யானைக்கென்று வாங்கிய வெடிப் பெட்டி. கட்டிய சணல் கட்டியபடி. ஒன்றுகூட எடுக்கவில்லை.

பெட்டியோடு போய் அவர் முன்னால் நின்றேன். அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"வெடிய இன்னாத்துக்கு போடல?"

தீட்டினார். தீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு:

"நல்ல வெளிச்சம் இருந்துச்சி. நீ அனுப்புனத அன்னிக்கி மத்தியானம் பூரா கேட்டுகினு இருந்தேன். அதுங்க வந்துச்சி. சரி, நிக்குதான்னு பாக்கலாம்னு காவல் பரண் மேல சும்மா குந்திகினு இருந்தேன்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சி."

எனக்கு வந்த ஆத்திரம்! மூன்று நாளாக ஊர் வாயில் நான். இவர் பரண்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வரப்பில் நிற்கிறார். அத்தனையும் கேட்டேன். ஒன்று விடாமல். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"அக்காகிட்ட நாளைக்கி சொல்லிடறேன்."

"நாளைக்கி இல்ல. இப்ப. வெடிப் பெட்டிய எடுத்துகினு போங்க."

எழுந்தார். சட்டை போட்டார். பெட்டியை அக்குளில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். என்னால் அடக்க முடியவில்லை.

"ராகியையும் கால்ல தட்டிட்டுதான் தின்னுச்சா?"

திரும்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"தட்டுச்சிம்மே. ஒவ்வொரு பிடியும். மண்ணு அப்படியே கொட்டுச்சி. நம்ம மண்ணு."

போய்விட்டார். இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துத் தெருவிலிருந்து நாத்தனார் கத்துவது இங்கே வரை கேட்கிறது. இந்தத் தடவை என்னை இல்லை.