கரண்ட் போன கல்யாண மண்டபம்

ஆவணி 15, ஞாயிறு

நாடகக் கொட்டகையாக இருந்து சினிமா தியேட்டரான மீமிசல் கடற்கரைக் கட்டடம் இப்போது கல்யாண மண்டபம். அங்கே ஆபரேட்டராக இருந்த என் வீட்டுக்காரர், தியேட்டரை மூடியதிலிருந்து உள்ளே போனதேயில்லை. இன்று என் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கெஞ்சிக் கூட்டிப் போனேன்.

காலைப் பந்தியில் கரண்ட் போனது. ஜன்னலில்லாத கூடம் இருண்டதும் பெரிசுகள் பழைய ஞாபகத்தில் விசிலடித்தார்கள். "இந்தா வாரேன்!" என்று இவர் பாதி இட்லியில் எழுந்து மாடியேறிவிட்டார். பின்னாலேயே ஓடினேன்.

முன்பு படம் ஓட்டும் மெஷின் இருந்த அறையில், செல்போன் வெளிச்சத்தில் மணப்பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். "கரண்ட் எப்ப வரும் பெரியப்பா?" என்றாள் மணப்பெண்.

"ரெண்டே நிமிசம் ஆத்தா."

சொல்லி வாய் மூடவில்லை, விளக்கு எரிந்தது. கீழே ஒரே கைதட்டல். தானே போட்டதுபோல இவர் சிரித்தார். நானும் எச்சில் கையோடு தட்டினேன்.